ஒரு வெள்ளிக்கு இரண்டு செவ்வாய்

சேலத்தில் ஏற்காடு பேருந்து ஏறியதும் நடத்துனர் டிக்கெட்டைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பேனாவால் ஏழு என்று எழுதிக் கொடுத்தார். ஏழு ரூபாய் பாக்கி. "சில்லறை இல்லீங்க, இறங்கறப்ப வாங்கிக்கங்க" என்றார். அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன். அவர் கையெழுத்து கூடப் போடவில்லை, வெறும் எண்தான். ஆனாலும் அது செல்லும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பேருந்துக்குள் மட்டும், அவர் வேலையில் இருக்கும்வரை மட்டும்.

நான் போனதே ஒரு காசைப் பார்க்கத்தான். ஏற்காட்டுப் பக்கம் பள்ளி ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர், வெள்ளக்கடையில் ஒரு பெரியவரிடம் யானை போட்ட பழைய செம்புக்காசு இருக்கிறது என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். "ராஜா காலத்துக் காசுங்கறாங்க. எந்த ராஜான்னு நீங்கதான் வந்து சொல்லணும்." எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் நிறைய நேரம் நின்றவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. அதுவே போதும் என்று நண்பர் நினைத்திருக்க வேண்டும்.

அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. மொத்தம் இருபது. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது. பத்தாவது வளைவுக்கு மேல் காற்று மாறியது. பதினைந்துக்கு மேல் காப்பித் தோட்டங்களும், நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மரங்களும், அவற்றைச் சுற்றி ஏறிய மிளகுக்கொடிகளும் வந்தன. திரும்பிப் பார்த்தால் கீழே சேலம் ஒரு கோலத்தின் புள்ளிகளாகப் பரந்து கிடந்தது. அதற்கு மேற்கே, புகைமூட்டத்துக்குள், சங்ககிரிக் கோட்டை இருக்கும் திசை. மலைக்கு மறுபுறம், வடக்கே தொப்பூர் கணவாய் தாண்டினால் தருமபுரி, கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை. அந்தக் காலத்தில் பாராமகால் என்ற சீமை.

இந்த மலையை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் படைகள் நடந்திருக்கின்றன. 1761இல் மைசூரின் அதிகாரத்தைக் கையில் எடுத்தவர் ஹைதர் அலி. உடையார் குலத்து அரசர் பெயருக்கு இருந்தார்; ஆட்சி ஹைதருடையது. அவரும் அவர் மகன் திப்புவும் கட்டிய அரசு 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விழுந்தது. முப்பத்தெட்டு ஆண்டுகள். அதற்குள் ஆங்கிலேயருடன் மட்டும் நான்கு போர்கள்: 1767 முதல் 69 வரை, 1780 முதல் 84 வரை, 1790 முதல் 92 வரை, பிறகு 1799. இடையில் மராத்தியருடனும் நிஜாமுடனும் தனியாக. 1768இல் கம்பெனிப் படை சேலத்தைப் பிடித்தது. ஹைதர் திரும்பப் பிடித்தார். ஒரு தலைமுறை முழுக்கப் போருக்குள்ளேயே வாழ்ந்த அரசு அது. அப்படிப்பட்ட அரசுக்குத் துப்பாக்கி எவ்வளவு அவசரமோ அவ்வளவு அவசரம் காசும்.

ஏற்காட்டில் நண்பர் காத்திருந்தார். இறங்கும்போது நடத்துனர் மறக்காமல் ஒரு ஐந்து ரூபாய் வில்லையும் ஒரு இரண்டு ரூபாயும் கொடுத்தார். நண்பரின் ஸ்கூட்டியில் வெள்ளக்கடைக்குக் கிளம்பினோம்.

வெள்ளக்கடை ஏற்காடு ஒன்றியத்து ஊராட்சிகளில் ஒன்று. சுற்றுலாப் பயணிகள் ஏரியில் படகு ஓட்டிவிட்டு, சீமாட்டி இருக்கையில் நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவதால் இந்தப் பக்கம் சந்தடி குறைவு. சாலையோரக் களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. பலாமரங்களில் அடிமரத்திலிருந்தே காய் தொங்கியது. இங்கே வாழும் பழங்குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு வந்தார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கிவிட்டார்களாம். மலையையும் மூன்று நாடுகளாகப் பிரித்துச் சொல்வார்கள்: சேலநாடு, முட்டநாடு, மோகநாடு. கீழே எந்த அரசு வந்து எந்த அரசு போனாலும் இந்த மூன்று நாட்டுக் கணக்கு மாறவில்லை.

பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர். "வாங்க வாத்தியாரே" என்று நண்பரையும், "வாங்க சாமி, உக்காருங்க" என்று என்னையும் வரவேற்றார். மருமகள் கடுங்காப்பி கொண்டுவந்தார். தோட்டத்திலேயே விளைந்து, வீட்டிலேயே வறுத்து இடித்த காப்பி. குடித்து முடிக்கும்வரை காசைப் பற்றி யாரும் பேசவில்லை. பிறகு அவர் உள்ளே போய் ஒரு பழைய பவுடர் டப்பாவை எடுத்துவந்து, விரித்த துண்டின் மேல் கவிழ்த்தார்.

தாமரை போட்ட பித்தளை இருபது பைசா இரண்டு. நான்கு ஓட்டைக் காலணா. ஜார்ஜ் மன்னர் தலை போட்ட அரை ரூபாய் ஒன்று. எல்லாவற்றுக்கும் நடுவில், மற்றவற்றைவிடத் தடிமனாக, ஓரம் ஒழுங்கில்லாமல், கருஞ்சிவப்பாக ஒரு செம்பு வில்லை.

எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். யானை இருந்தது. முதுகு மழுங்கி, தும்பிக்கை நுனி தேய்ந்து, ஆனால் நான்கு கால்களும் தெளிவாக ஊன்றியபடி. அதன் மேலே பாரசீக எண்கள். ஒன்றும் இரண்டும் தெரிந்தன, மற்ற இரண்டும் தடம் மட்டுமே. திருப்பினால் பாரசீக எழுத்து வரிகள். அச்சடிக்கப்பட்டது என்று பொருள்படும் 'ஸர்ப்' என்ற சொல்லில் பாதி மிச்சமிருந்தது. அடுத்து வரவேண்டிய ஊர்ப் பெயர் முழுக்கப் போய்விட்டது.

"திப்பு சுல்தான் காசுங்க ஐயா" என்றேன்.

"அப்படித்தான் எங்க ஆத்தாளும் சொல்லும்" என்றார் பெரியவர், ஏதோ நான் பரீட்சையில் தேறிவிட்டதுபோல.

யானை இருந்தாலே திப்பு காசு என்று சொல்லிவிட முடியாது. திப்புவுக்குப் பிறகு ஆங்கிலேயர் அரியணையில் உட்காரவைத்த மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரும் யானைக்காசு அடித்தார். அதில் யானைக்கு மேல் சூரியன், சந்திரன், 'ஸ்ரீ' என்ற கன்னட எழுத்து எல்லாம் இருக்கும். திப்புவின் காசில் யானைக்கு மேல் இருப்பது ஆண்டு. அந்த ஆண்டில்தான் வேடிக்கையே இருக்கிறது.

அரபு, பாரசீக எழுத்து வலமிருந்து இடமாகப் போகும். எண்களை மட்டும் நம்மைப்போல இடமிருந்து வலமாகத்தான் எழுதுவார்கள். திப்பு அதையும் திருப்பிவிட்டார். 1215 என்பதை அவர் காசில் நம் வழக்கப்படி படித்தால் 5121 என்று வரும். ஆண்டுக் கணக்கையே மாற்றினார். ஹிஜ்ரி 1201 வரை சாதாரணமாக வந்த காசு, 1787இல் திடீரென்று 1215க்குத் தாவுகிறது. மௌலூதி என்று அவர் பெயரிட்ட புதிய சகாப்தம் அது. பதினான்கு ஆண்டுகளை ஒரே இரவில் தாண்டிய அரசு வேறெங்கும் இருந்ததா என்று தெரியவில்லை. மராத்தியருடன் நடந்த போர் முடிந்த கையோடு, ஆங்கிலேயருடன் அடுத்த போர் வருவதற்கு முன் கிடைத்த மூன்றாண்டு மூச்சில் செய்த காரியம் இது.

பெயர்களையும் விடவில்லை. இரட்டை ரூபாய்க்கு ஹைதரி, ரூபாய்க்கு இமாமி, அரை ரூபாய்க்கு ஆபிதி, கால் ரூபாய்க்கு பாகிரி. பொன்னுக்கு அஹமதி, ஃபாரூகி. நபியின் பெயரும் கலீஃபாக்கள், இமாம்களின் பெயர்களும் பொன்னிலும் வெள்ளியிலும் ஏறின. செம்புக்கு வரும்போது அவர் வானத்தைப் பார்த்திருக்கிறார். காசுக்கு ஸுஹ்ரா, அரைக்காசுக்கு பஹ்ராம், கால் காசுக்கு அக்தர், அரைக்கால் காசுக்கு குத்ப். இரட்டைக் காசுக்கு முதலில் உஸ்மானி என்று பெயர். பிறகு அதையும் முஷ்தரி ஆக்கினார். ஸுஹ்ரா என்றால் வெள்ளிக் கோள். பஹ்ராம் செவ்வாய். முஷ்தரி வியாழன். அக்தர் விண்மீன். குத்ப் துருவ நட்சத்திரம்.

இதைப் பெரியவருக்குத் தமிழில் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது. "ஐயா, ஒரு வியாழனைக் கொடுத்தா ரெண்டு வெள்ளி கிடைக்கும். ஒரு வெள்ளிக்கு ரெண்டு செவ்வாய். உங்க கையில இருக்கறது வெள்ளி."

"செம்பு சாமி இது."

"செம்புதாங்க. பேரு வெள்ளி."

அவர் நண்பரைப் பார்த்தார். படித்தவர்களுக்குச் சமயத்தில் இப்படி ஆகிவிடும் என்பதுபோல நண்பர் தலையாட்டினார்.

ஆனால் பெரியவரின் பார்வையில்தான் விஷயம் இருந்தது. சேலத்துச் சந்தையிலோ தருமபுரிச் சந்தையிலோ இந்தக் காசைக் கொடுத்து உப்பு வாங்கியவர் யாரும் 'ஒரு ஸுஹ்ராவுக்கு உப்பு போடு' என்று கேட்டிருக்க மாட்டார். பாரசீகம் அவருக்குத் தெரியாது. எண்கள் வலமிருந்து வந்தாலும் இடமிருந்து வந்தாலும் அவருக்கு ஒன்றுதான். அவர் பார்த்தது யானையை. அதன்பின் கையில் தூக்கிக் கனத்தை. எழுத்துப் பக்கம் அரண்மனைக்கும் அடுத்த அரசனுக்கும் சொன்ன சேதி. யானைப் பக்கம் சந்தைக்குச் சொன்னது. யானை திப்புவின் கண்டுபிடிப்பும் அல்ல. கங்க மன்னர்கள் காலத்திலிருந்தே மைசூர் மண்ணின் காசில் நிற்கும் யானை அது. ஹைதர் தன் கடைசி ஆண்டுகளில் செம்பில் அதை எடுத்துக்கொண்டார். எல்லாவற்றையும் மாற்றிய திப்பு அதை மட்டும் மாற்றவில்லை.

ஹைதர் இந்த விஷயத்தில் இன்னும் கெட்டிக்காரர். 1763இல் பெத்னூரைப் பிடித்ததும் அங்கிருந்த அக்கசாலை அவர் கைக்கு வந்தது. இக்கேரி நாயக்கர்கள் அங்கே அடித்த வராகனில் சிவனும் பார்வதியும் அமர்ந்திருப்பார்கள். ஹைதர் அந்தத் தம்பதியை அப்படியே விட்டுவிட்டு, மறுபக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்தான அரபு 'ஹ' ஒன்றை மட்டும் பொறித்தார். நேற்றுவரை சிப்பாய்க்குத் தலைவனாக இருந்தவனின் முகத்தை எந்த வணிகன் நம்புவான்? சிவனை நம்புவான். சிவன் நம்பவைப்பார், பின்னால் 'ஹ' தன் வேலையைச் செய்யும்.

எதிரில் நின்ற கம்பெனியும் இதே கணக்கைத்தான் போட்டது. சென்னையில் அது அடித்த நட்சத்திர வராகனில் நின்றது பெருமாள். அது அடித்த ஆற்காட்டு ரூபாயில் இருந்தது டில்லி பாதுஷா ஆலம்கீரின் பெயர்; அடித்த ஊர் சென்னை, பொறித்த ஊர் ஆற்காடு. தன் பெயரைச் சொல்லத் துணியாத காசை வைத்துக்கொண்டு கம்பெனி படை நடத்தியது. திப்பு மட்டும் முகலாயப் பெயரைத் தூக்கி எறிந்தார். அவருடைய வெள்ளிக்காசில் டில்லி இல்லை. ஹைதரின் வெற்றியும், நீதியுள்ள ஒரே சுல்தான் என்று இறைவனைக் குறிக்கும் வாசகமும், அடித்த ஊரும் ஆண்டும்தான். கம்பெனியோ நிஜாமோ மராத்தியரோ அன்றைக்குச் செய்யாத துணிச்சல். நான் ஒரு தனி அரசு என்பதை அவர் தூதர்கள் மூலமாகவும் பீரங்கி மூலமாகவும் சொன்னதைவிட, காசு மூலமாகச் சொன்னது தெளிவாக இருக்கிறது.

அந்தச் சேதி எத்தனை ஊர்களிலிருந்து கிளம்பியது என்பதும் முக்கியம். ஸ்ரீரங்கப்பட்டணம் மட்டுமல்ல, நகர், பெங்களூரு, சித்ரதுர்கா, குத்தி, கோழிக்கோடு, அதன் அருகே ஃபரூக். ஊர்ப் பெயர்களையும் புதிதாக வைத்துக் காசில் ஏற்றினார். சலாமாபாத் என்று பொறித்த காசு சத்தியமங்கலத்தில் அடித்தது. இந்த மலையிலிருந்து பார்த்தால் அது தொலைவில்லை. பெரியவரின் காசு அங்கிருந்து வந்ததாக இருக்கலாம் என்று நினைக்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஊர்ப் பெயர் தேய்ந்த இடத்தில் என் ஆசையை எழுத முடியாது.

காசு மேலிருந்து கீழே வந்ததைப்போல வரியாகக் கீழிருந்து மேலேயும் போனது. கொங்கு நாட்டில் இதற்கு ஒரு கதை உண்டு. மைசூருக்குப் போய்க்கொண்டிருந்த வரிப்பணத்தைத் தீர்த்தகிரி என்ற இளைஞர் வழிமறித்துப் பறித்தார். யார் பறித்தது என்று கேட்டால், சிவன்மலைக்கும் சென்னிமலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்தது என்று போய்ச் சொல் என்றாராம். அவரே பின்னால் திப்புவுக்குத் துணையாக நின்று கம்பெனியை எதிர்த்தார். 1805இல் அவரை ஆங்கிலேயர் தூக்கிலிட்ட இடம் சங்ககிரி, காலையில் புகைமூட்டத்துக்குள் நான் தேடிய அதே கோட்டை. எந்தக் காசு மறிக்க வேண்டிய எதிரியின் காசு, எந்தக் காசு நம்முடையது என்பது ஒரே மனிதரின் வாழ்நாளுக்குள் மாறியிருக்கிறது.

1792இல் மூன்றாம் போர் முடிந்து கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு பாதி நாட்டை இழந்தார். அத்துடன் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் இழப்பீடு. பாதி உடனே, மீதி தவணையில். கட்டிமுடிக்கும்வரை பிணையாக இரண்டு மகன்கள். வராகனோ மொகராவோ ரூபாயோ, எடையும் மாற்றும் குறையாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் கட்டியாகவே பொன்னும் வெள்ளியும் கொடுக்கலாம் என்று நிபந்தனை. புதிய சகாப்தம், கோள்களின் பெயர், திருப்பிப் போட்ட எண்கள் எல்லாவற்றையும் கம்பெனியின் தராசு ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. அது கேட்டது எடையை மட்டும். அந்த உடன்படிக்கையில்தான் சேலமும் பாராமகாலும் இந்தச் சேர்வராயன் மலையும் கம்பெனிக்குப் போயின. அலெக்சாண்டர் ரீட் கணக்கெடுக்க வந்தார். அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ ரயத்துவாரி முறையை இங்கேதான் கற்றார். 1820களில் ஆட்சியர் காக்பர்ன் காலத்தில் மலைக்குக் காப்பி வந்தது. இப்போது நாங்கள் குடித்து வைத்த டம்ளர்வரை அந்தக் கோடு வருகிறது.

பெரியவர் ஓட்டைக் காலணாக்களைத் தனியாக ஒதுக்கிக்கொண்டிருந்தார். "இது நான் செலவு பண்ண காசு" என்றார். "சின்ன வயசுல அரைஞாண்ல கோத்துக்குவோம்."

அதுவும் போர்க்காசுதான். இரண்டாம் உலகப் போரில் செம்பு வெடிமருந்துத் தோட்டாவுக்குத் தேவைப்பட்டதால், 1943இல் காலணாவின் நடுவில் ஓட்டை போட்டு உலோகத்தை மிச்சம் பிடித்தது பிரிட்டிஷ் இந்திய அரசு. அதற்கு மூன்றாண்டு முன்பே ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்திருந்தது. அதே 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தார். அதன் படையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். அடுத்த ஏப்ரலில் ரங்கூனில் அதற்கு வங்கியும் வந்தது. தபால்தலைகூட அச்சானது. புழக்கத்துக்கு ஒரு காசு மட்டும் வரவில்லை. அந்த அரசின் மக்கள் சந்தையில் நீட்டியது ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டை. 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் பெட்டி பெட்டியாக அது குப்பையானது. செம்பாக இருந்திருந்தால் செம்பு விலையாவது தேறியிருக்கும். யானைக்காசு பிழைத்துக் கிடப்பதும், வாழைமர நோட்டு அடுப்புக்குப் போனதும் ஒரே காரணத்தால்தான்.

எனக்கு எடை பார்க்க ஆசை. பெரியவர் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். காசை என் கையில் கொடுக்கவில்லை, தன் மடியில் முடிந்துகொண்டார். மிளகு வாங்கும் கடையில் சின்ன மின்தராசு இருந்தது. கடைக்காரர் தட்டைத் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார். பச்சை எண் ஆடி நின்றது: 10 கிராம்.

புதிதாக அடித்தபோது இந்தக் காசு பதினொரு கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கும். ஒரு கிராமுக்கு மேல் கைகளிலேயே தேய்ந்துவிட்டது என்று அவரிடம் சொன்னேன். பெரியவர் முதல்முறையாகக் கவலைப்பட்டார்.

"ஒரு ரூபா எடைன்னு ஆத்தா சொல்லுமே?"

அப்போதுதான் காசு இந்த வீட்டில் ஏன் தங்கியது என்று தெரிந்தது. அவருடைய பாட்டி பச்சிலை மருந்து கொடுப்பவர். ரூபாய் எடை என்பது நாட்டு மருந்தில் ஒரு தோலா, பதினொன்றரை கிராம் சொச்சம். அந்த எடைக்கு ஏறத்தாழப் பொருந்தியதால் இந்த யானையைத் தராசின் ஒரு தட்டில் வைத்து, மறுதட்டில் திப்பிலியும் சுக்கும் மிளகும் நிறுத்திருக்கிறார். அதற்கு முன் அவருடைய பாட்டி. சுல்தானும் போய், கம்பெனியும் போய், காசு என்ற வேலையும் போனபின் அந்த யானை படிக்கல்லாக வேலை பார்த்திருக்கிறது.

"அப்படின்னா ஆத்தா கொடுத்த மருந்து எல்லாமே கொஞ்சம் குறைச்சல்" என்றார் பெரியவர்.

கடைக்காரர் சிரித்தார். பெரியவர் காசைத் தட்டிலிருந்து எடுத்து ஒருமுறை உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தார். தராசைவிட அதைத்தான் அவர் நம்பினார் என்று தோன்றியது.

"குறைஞ்ச மருந்தைத் தின்னுட்டே எண்பது தாண்டிட்டனே சாமி" என்று சொல்லி, மறுபடி மடியில் முடிந்துகொண்டார்.